வென்றவர் கொணர்ந்த மரம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் அம்பத்தூரைத் தாண்டினால், ஆவடி வருவதற்கு முன் திருமுல்லைவாயில் என்று ஒரு சிறு நிலையம் வரும். மின்சார ரயில் அங்கே ஒரு மூச்சு நின்றுவிட்டுப் புறப்பட்டுவிடும். அந்த வழியாகத் தினந்தோறும் காரியாலயத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய் வருகிற ஆயிரக்கணக்கான ஜனங்களில், இறங்கிப் போய் மாசிலாமணி ஈசுவரரைத் தரிசித்தவர்கள் எத்தனை பேரோ? நாமும் பல வருஷம் அவ்வாறு ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக்கொண்டு போனவர்கள்தாம். ஆகையால் பிறரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் நாம் அங்கே இறங்கினோம். நம்முடன் பூந்தமல்லியைச் சேர்ந்த ஆசாரியார் ஒருவர் வந்திருந்தார். அவர் தச்சுத் தொழிலில் பழுத்தவர். மூன்று தலைமுறையாக உத்தரமும் கதவு நிலையும் செய்து கொடுத்த குடும்பம். இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கு இரும்பும் சிமெண்டும் போதுமாயிருப்பதால், அவருடைய இழைப்புளிக்கு ஓய்வு அதிகம். சிவ தரிசனத்தைக் காட்டிலும் அந்தக் கோவிலில் உள்ள இரண்டு தூண்களைப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நெடுநாளைய ஆசை.

மூலவர் சந்நிதியின் முன்னே நிற்கும் அந்தத் தூண்கள் கல்லால் ஆனவை அல்ல, மரம். அதிலும் தேக்கோ கருங்காலியோ அல்ல. வெள்ளெருக்கு என்று சொல்லுகிறார்கள். வேலி ஓரத்தில் இடுப்பளவு வளர்ந்து, பிள்ளையாருக்கு மாலையாகப் பூக்கொடுக்கும் அந்த எருக்கஞ்செடி தூணாகும்படி பருத்திருக்க வேண்டுமானால் அது எத்தனை காலம் நின்றிருக்க வேண்டும்! ஆசாரியார் நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஐயா, எருக்குக்கு வயிரம் பாய்ந்து நான் கண்டதில்லை. ஆனால் ஸ்வாமி முன்னால் நின்றுகொண்டு தர்க்கம் செய்ய எனக்கு மனசு வரவில்லை" என்றார். நமக்கும் வரவில்லை.

இந்தத் தூண்கள் இங்கே வந்த கதையை நேயர்களில் சிலர் அறிந்திருப்பார்கள். தொண்டைமான் என்னும் அரசன் புழல் பக்கத்தில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களை அடக்கப் புறப்பட்டான். முதல் நாள் போரில் அவனுக்கு வெற்றி கிட்டவில்லை. திரும்பும் வழியில் அவன் ஏறியிருந்த யானையின் கால்களை முல்லைக்கொடிகள் சுற்றிப் பின்னிக்கொண்டன. அரசன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் இரத்தம் பெருகிற்று. விலக்கிப் பார்த்தால், புதருக்குள்ளே ஒரு சிவலிங்கம்; அதன் மேல் வாள் பட்ட காயம். செய்த பிழையை எண்ணித் தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளத் துணிந்தவனை ஈசன் தடுத்து ஆட்கொண்டார்; நந்தியையும் அவனுக்குத் துணையாகப் போருக்கு அனுப்பினார். குறும்பர் தோற்றார்கள். அவர்களுடைய கோட்டையில் இருந்த எருக்கந்தூண்கள் இரண்டை வெற்றிச் சின்னமாகக் கொண்டு வந்து, அரசன் தான் கட்டிய கோவிலில் நிறுத்தினான் என்பது தல புராணம். நந்தி இன்றும் ஸ்வாமியைப் பார்க்காமல், போருக்குப் புறப்பட்ட கோலத்தில் கிழக்கு நோக்கியே உட்கார்ந்திருக்கிறது. தொண்டைமானுடைய யானையை முல்லைக்கொடி கட்டிப்போட்ட செய்தியைச் சுந்தரமூர்த்தி நாயனாரே தம் பதிகத்தில் குறிப்பிடுகிறார். ஆகவே கதைக்கு வயது ஆயிரத்துக்கு மேல்.

அன்றைக்கு அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நம் மனம் ரயிலும் பஸ்ஸும் இல்லாமலே மலையேறிவிட்டது. தோற்றவனுடைய மாளிகை மரத்தை வென்றவன் எடுத்து வந்து தன் தெய்வத்தின் வீட்டில் நாட்டிய இன்னொரு கோவில் நினைவுக்கு வந்தது. அது உதகமண்டலத்தில் இருக்கிறது. ஸ்டீபன் தேவாலயம் என்று அதற்குப் பெயர். திரும்பி வரும்போது ரயிலில் ஆசாரியாரிடம் அதைப்பற்றிச் சொன்னோம். "அந்த வேதக் கோவிலையும் பார்த்துவிட வேண்டும், ஐயா" என்றார். பத்து நாளில் மேட்டுப்பாளையத்துக்கு வண்டி ஏறிவிட்டோம்.

நீலகிரிக்கு வெள்ளைக்காரர் வந்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் துரை 1819-ம் வருஷம் மலையேறினார். குளிர்ந்த காற்றையும் பசும்புல் வெளியையும் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். 1822-ல் அங்கே கல் வீடு ஒன்று கட்டத் தொடங்கினார். அதற்கு முன் அந்த மேட்டு நிலத்தில் தோடர்களுடைய மந்துகளே இருந்தன. மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்ந்து, பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போல் அவர்கள் அமைக்கும் குடிசைகளையும் கோவில்களையும் படத்திலாவது பார்த்திராதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த மலையில் தெய்வத்துக்கென்று எழுந்த பழைய வீடுகள் அவை. ஆணி இல்லை, சுண்ணாம்பு இல்லை. நிலம் தோடர்களுக்குச் சொந்தம் என்று சல்லிவன் கும்பினியாரிடம் வாதாடினார் என்பதையும் அவர் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியதுதான்.

1827-ல் சென்னைக் கவர்னராக வந்தவர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன். வெயிலில் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களும் உத்தியோகஸ்தர்களும் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கு ஏற்ற இடம் உதகமண்டலமே என்று அவர் தீர்மானித்தார். ஆரோக்கிய ஸ்தலம் அமைந்தால் அதற்கு ஒரு தேவாலயமும் வேண்டுமல்லவா? 1829-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி, அரசர் நான்காவது ஜார்ஜின் பிறந்த நாள் கொண்டாட்டத்தன்று, அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கட்டிட வேலையை நடத்தியவர் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட் என்னும் சென்னைப் பட்டாளத்துக் காப்டன். கல்கத்தா பிஷப்பாக இருந்த ஜான் மத்தியாஸ் டர்னர் 1830-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி அதைப் பிரதிஷ்டை செய்தார். 1831-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று பொது ஆராதனைக்காகத் திறந்தார்கள். செலவு 24,000 ரூபாய். முதல் கிறிஸ்துவத் தியாகியான ஸ்தேவானின் பெயரை ஆலயத்துக்கு இட்டார்கள். கவர்னரின் பெயரும் ஸ்டீபன்தான் என்பதை ஊரார் கவனிக்காமல் இருப்பார்களா?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு மரக் கோவில் என்று தோன்றாது. மைசூருக்குப் போகும் ரஸ்தாவை ஒட்டிய மேட்டில், வெளிர் மஞ்சள் பூச்சுடன், கோட்டை மதில் போலப் பல் பல்லாக வெட்டிய கைப்பிடிச் சுவரும் சதுரமான கோபுரமுமாக அடக்கமாக நிற்கிறது. சீமையில் கிராமந்தோறும் இருக்கும் கோவில்களின் சாயல். சென்னைக் கதீட்ரல்களின் கம்பீரத்தை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் வாயிலிலேயே ஏமாந்துவிடுவார்கள்.

உள்ளே காலெடுத்து வைத்ததும் அந்த ஏமாற்றம் போய்விடுகிறது. கண் தானாக மேலே போகிறது. மேற்கூரையைத் தாங்கிக்கொண்டு கனத்த மர உத்தரங்கள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கிடக்கின்றன. அவற்றின் பருமனை எழுத்தில் உணர்த்த முடியாது. அவற்றுக்கு மேலே மரக்கூரை வில் போல லேசாக வளைந்திருக்கிறது. தூண்கள் வரிசையாக நின்று நடுச்சாலையைப் பக்கச் சாலைகளிலிருந்து பிரிக்கின்றன. வர்ணக் கண்ணாடி ஜன்னல்களின் வழியாக வரும் வெளிச்சம் மெழுகிட்ட மரத்தில் விழுந்து தேன் நிறமாகிவிடுகிறது. மேற்குச் சுவரில், இயேசுநாதர் சீடர்களுடன் கடைசியாக உணவருந்தும் காட்சியைப் பெரிய படமாக எழுதியிருக்கிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஆசாரியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்து வலிக்குமட்டும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது மலைமேல் விளைந்த மரம் அல்ல" என்றார்.

உண்மை. உதகமண்டலம் கடல் மட்டத்துக்குமேல் ஏழாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துச் சோலைக் காடுகளில் வளரும் மரங்கள் குட்டையானவை. முறுக்கும் கோணலும் உடையவை. தேக்கு அங்கே வளராது. அடிவாரத்துக் காட்டில் பச்சைத் தேக்கு உண்டு என்றாலும், அதை வெட்டி உடனே உத்தரம் போட்டால் உலர உலர முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். நிழலில் பல வருஷம் கிடந்து பதப்பட்ட நீண்ட தேக்கு, அதுவும் இழைத்துச் சதுரித்த தேக்கு, தயாராக எங்கே கிடைக்கும்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்தது.

1799-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி அந்தக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். காவேரித் தீவின் கிழக்குக் கோடியில், தந்தை ஹைதர் அலியின் சமாதி இருக்கும் லால் பாக் தோட்டத்தில், அவரையும் அடக்கம் செய்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஓர் அரண்மனை இருந்தது. அதைப் பிரித்தெடுத்த தேக்குதான் உதகமண்டலத்துத் தேவாலயத்தின் உத்தரங்களாகவும் மற்ற மர வேலைகளாகவும் ஆயிற்று. திப்புவின் கட்டிடங்களில் தேக்கு எப்படி இருந்தது என்பதைக் காண விரும்புகிறவர்கள் இன்றும் அதே தீவில் உள்ள தரியா தௌலத் மாளிகைக்குப் போகலாம். பெங்களூர்க் கோட்டையை அடுத்த வேனில் மாளிகைக்கும் போகலாம். நெட்டை நெட்டையாக மரத்தூண்கள், தூணுக்குத் தூண் இதழ் இதழாகக் கடைந்த வளைவுகள், மேலே சித்திரம் எழுதிய விதானம் என்று ஒரு மர நந்தவனமே அங்கே நிற்கிறது.

மர மாளிகைக்கு ஒரு தலைவிதி உண்டு. கல் மாளிகையை இடித்தால் மிஞ்சுவது இடிபாடு. மர மாளிகையையோ பிரிக்கலாம். கழுந்தைத் துளையிலிருந்து தட்டிக் கழற்றி, சட்டம் வேறு, தூண் வேறு, உத்தரம் வேறு என்று அடுக்கிவிடலாம். அடுக்கியதை வண்டியில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல், மைசூர்ச் சீமையைக் கடந்து, யானையும் புலியும் உலாவும் காட்டின் வழியாக வந்து, பிறகு மலையில் ஏறக்குறைய ஐயாயிரம் அடி ஏற வேண்டும். யானைகளைக் கட்டி இழுத்தார்கள் என்று உதகமண்டலத்தில் எல்லோரும் சொல்லுகிறார்கள். யானை இழுத்திருக்கும், யானை பிழைத்த வழியில் எருதும், எருது நின்ற இடத்தில் மனிதனும் இழுத்திருக்க வேண்டும். தேவாலயச் சுவர்களில் பளிங்கிலும் பித்தளையிலுமாக எத்தனையோ ஞாபகப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். காப்டன்கள், கலெக்டர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், இளம் வயதில் இறந்த குழந்தைகள். ஒவ்வொன்றையும் நாம் நின்று படித்தோம். மரம் இழுத்தவர்களைப்பற்றி ஒரு வரியையும் நாம் காணவில்லை.

இந்த இடத்தில் நம் நேயர்களுக்கு இரத்தம் கொதிக்கும். நமக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஓர் அரசனைக் கொன்று, அவன் வீட்டைப் பிரித்து, அந்த உத்தரத்தின் கீழே முழந்தாளிட்டுச் சமாதானப் பிரார்த்தனையா என்று கேட்கத் தோன்றிற்று. ஆனால் பூந்தமல்லிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வளவு எளிதாகக் கோபப்பட முடியவில்லை. காரணத்தைச் சொல்லுகிறோம்.

1780-ம் வருஷம் ஹைதர் அலியின் சைனியம் கணவாய்களின் வழியே கர்நாடகச் சமவெளியில் இறங்கிற்று. அவருடைய குதிரைப்படை பறங்கிமலை வரை வந்து, சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைக் கொள்ளையிட்டுத் தீ வைத்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் கோட்டையை நோக்கி ஓடினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 10-ந் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் சேர்ந்து நிர்மூலமாக்கினார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை அடைந்திராத தோல்வி அது. தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அந்த யுத்தத்தை எழுதியிருக்கிறார்கள். பெய்லி பல்லக்கில் அடிபட்டுக் கிடக்க, சுற்றிலும் மைசூர்க் குதிரைகள் பாய்கின்றன. தேசாபிமானம் உள்ள எவருக்கும் அந்தச் சித்திரத்தைப் பார்த்தால் தோள் பூரிக்கும். ஆனால் அந்தக் குதிரைகள் மிதித்துக்கொண்டு போன வயல்கள் தொண்டை மண்டலத்து வயல்கள். அவற்றின் கூலத்தை இழந்தவன் கும்பினி கவர்னர் அல்ல, உழுதவன். (அதே புள்ளலூரில் ஆயிரம் வருஷங்களுக்கு முன் மகேந்திர பல்லவன் தன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லுகிறது. சில ஊர்களுக்கு அப்படி ஒரு ஜாதகம்!)

மகேந்திர பல்லவனைப்பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவையின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குகையில் அவன் பெருமையோடு பொறித்து வைத்தான். அப்படியானால் அதற்கு முன் நம் கோவில்கள் எவற்றால் ஆனவை என்பதை அவனே சொல்லிவிட்டான் அல்லவா? மாமல்லபுரத்து ரதங்களின் கூரையைப் பாருங்கள். கல்லில் தச்சு வேலை. திருமுல்லைவாயிலின் கர்ப்பக்கிருகத்துக்கு யானையின் பின்புறம் போன்ற வளைவு உண்டு. மூங்கிலையும் மரத்தையும் வளைத்துக் கூரை போட்ட காலத்தின் நினைவு அது. தோடரின் குடிசைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. மரத்தை விட்டுக் கல்லுக்குப் போன பிறகும் நம் ஸ்தபதிகளின் கை மரத்தையே எண்ணிக்கொண்டிருந்தது. ஆகையால் ஒரு கோவிலில் பழைய மரம் நிற்பதைக் கண்டால், அது எந்த மதத்துக் கோவிலாயினும், சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. தேவாலயத்திலிருந்து வெளியே வந்து, மேட்டின் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்தோம். புல்லும் பாசியும் மூடிய கல்லறைகளுக்கு நடுவே சல்லிவன் துரையின் மனைவியும் மகளும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இருவரும் 1838-ல் இறந்தவர்கள். ஊரை உண்டாக்கிய மனிதர் தம் குடும்பத்தில் இருவரை அந்த மண்ணில் விட்டுவிட்டு, மூன்று வருஷத்துக்கெல்லாம் சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். வென்றவர்களுக்கும் துக்கம் உண்டு என்பதை அந்த இடத்தில் மறுக்க முடியாது.

ஆசாரியார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்கள் தொழிலில் பழைய உத்தரத்தை வாங்கிப் புது வீட்டுக்குப் போடுவது உண்டு, ஐயா. ஆனால் என் தகப்பனார் எந்த வீட்டு உத்தரம் என்று கேட்காமல் உளி வைக்க மாட்டார். வாழ்ந்து முடிந்த வீடா, அழுது பிரித்த வீடா என்று கேட்பார். அழுத வீட்டு மரம் என்றால்?"

"போட மாட்டாரோ?"

"போடுவார். மரம் என்ன பாவம் செய்தது? வீட்டுக்காரரை உட்கார வைத்து, இது இன்னார் வீட்டு மரம், இப்படி வந்தது என்று முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போடுவார். தெரியாமல் அதன் கீழே படுக்கக் கூடாது என்பார்."

இதைக் கேட்டதும் திருமுல்லைவாயில் நமக்குப் புதிதாக விளங்கிற்று. அங்கே தொண்டைமானுடைய வெற்றித் தூண்கள் மட்டும் நிற்கவில்லை. அவனுடைய வாள் பட்ட காயமும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காயத்தின் வெம்மை ஆறுவதற்காக ஆண்டு முழுவதும் லிங்கத்துக்குச் சந்தனக் காப்பு. சித்திரை மாதத்துச் சதய நட்சத்திரத்தில் மட்டும் அந்தக் காப்பைக் களைகிறார்கள். புதிய சந்தனம் சாத்துவதற்கு முன் ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. வெற்றிச் சின்னத்தையும் வெட்டிய பிழையையும் ஒரே சந்நிதியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை மூடியதைத் திறந்தும் காட்டுகிறது அந்தக் கோவில். தோற்ற குறும்பருடைய கதையும் அதனாலேயே அழியாமல் இருக்கிறது. (நீலகிரிக் காடுகளில் வாழும் மலைஜனங்களுள் ஒரு சாராருக்கும் குறும்பர் என்றே பெயர். இருவரும் ஒரே குலம் என்று சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் அந்தப் பெயரை உதகமண்டலத்துச் சந்தையில் கேட்டபோது சிறிது திடுக்கிட்டோம்.)

உதகமண்டலத்துத் தேவாலயத்தில் காயத்தைக் காட்ட ஒரு நாள் இல்லை. மரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டால் எல்லோரும் சொல்லத்தான் சொல்லுகிறார்கள். அதிலும் யானை இழுத்த அதிசயமே முன்னால் நிற்கிறது. திப்புவின் பெயர் அந்த யானைக்கு ஓர் அலங்காரம் போல வந்து போகிறது. அந்த உத்தரங்களைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரவில்லை. எங்கே கொண்டு போய் வைப்பது? லால் பாக்கில் அரண்மனை இல்லை. மேலும் இந்தியா சுதந்தரம் அடைந்த அதே 1947-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி, சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இந்தத் தேவாலயமும் அதைச் சேர்ந்தது. கவர்னரும் காப்டனும் உட்கார்ந்த பலகைகளில் இப்போது உட்காருகிறவர்கள் நம்மவர்கள். அந்த உத்தரங்களை ஏறக்குறைய இருநூறு வருஷம் மழையிலும் பனியிலும் கரையானுக்குக் கொடுக்காமல் காத்து வந்ததும் அந்தக் கோவிலே. தேக்கில் உள்ள எண்ணெய் பாதி காத்தது என்றால் மீதியை மனிதர் காத்தார்கள்.

அந்த மீதியின் அருமையை நம் பக்கத்துக் கோவில் ஒன்றில் நாம் கண்கூடாகக் கண்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் அங்கே திருப்பணி நடந்தது. முன் மண்டபத்தில் நான்கு பழைய மரத்தூண்கள் போதிகையுடன் இருந்தன. ஒவ்வொரு போதிகையிலும் வாழைப்பூ கடைந்திருந்தது. குடமுழுக்குக்குப் போனபோது அவ்விடத்தில் பளபளவென்று ஓடு பதித்த சிமெண்டுத் தூண்கள் நின்றன. பழையவை எங்கே என்று விசாரித்தோம். "உளுத்துப் போயிற்று, ஐயா, அன்னதானத்து அடுப்புக்கு ஆயிற்று" என்று ஒரு பெரியவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சோற்றை நாமும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தோம். எந்த அரசனும் வென்று கொண்டு போகவில்லை. எந்தக் கவர்னரும் யானை அனுப்பவில்லை. ஆசாரியாரிடம் இதை மலையில் வைத்துச் சொன்னபோது, "அந்தத் தூணில் இரண்டு என் பாட்டனார் கடைந்தது" என்றார். நமக்கு அதற்குமேல் பேச வாய் எழவில்லை.

மாலையில் மறுபடியும் தேவாலயத்துக்குள் சென்றோம். சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் தன் தங்கையிடம் மேலே காட்டி, "இந்தக் கட்டையெல்லாம் யானை இழுத்து வந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆசாரியார் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, யார் வீட்டிலிருந்து இழுத்து வந்தது, தெரியுமா?" என்று கேட்டார்.

பையன் தெரியாது என்று தலையை ஆட்டினான். ஆசாரியார் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆரம்பித்தார். நடுவில் புள்ளலூருக்கும் போய் வந்தார். எரிந்துபோன வயல்களையும் விடவில்லை. கதவைச் சாத்த வந்த காவலாளும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார். கதை முடிய அரை மணி நேரமாயிற்று. வெளியே வந்தபோது மூடுபனி இறங்கி, கோபுரம் பாதிக்குமேல் தெரியவில்லை.

வருகிற சித்திரைச் சதயத்தன்று திருமுல்லைவாயிலுக்கு மறுபடியும் போவதாக ஏற்பாடு. ஆசாரியார் தம் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.